பதினெட்டுக் கட்டம்

என் தங்கை சென்னியம்மாளின் வீட்டுக்காரர் ராசப்பன், ஆழ்துளைக் கிணறு போடுகிற திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் டிரில்லராக இருந்தார். அந்த வண்டிக்கு ராடு, கேசிங் பைப், டீசல் எல்லாம் ஏற்றிக்கொண்டு பின்னாலேயே போகிற லாரியை நான் ஓட்டினேன். வண்டி ஆந்திராவுக்குப் போனாலும் கர்நாடகத்துக்குப் போனாலும் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் போவோம், ஒரே சட்டிச் சோற்றைத்தான் தின்போம். எனக்கு அவர் மாப்பிள்ளை. அவருக்கு நான் அர்த்தநாரி மச்சான்.

ராசப்பனைப் போன்ற டிரில்லர் அப்போது எங்கள் பக்கம் நாலைந்து பேர் இருந்திருந்தால் அதிகம். போர் போடுகிற இடத்தைப் பாயிண்ட் என்போம். பாயிண்டில் ஹேமர் கல்லை அடித்துக்கொண்டு இறங்கும்போது மற்றவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பார். "இன்னொரு பத்தடிதானுங்க. கல்லு மாறுது" என்று தோட்டக்காரரிடம் சொல்வார். பெரும்பாலும் அந்தப் பத்தடிக்குள் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வரும். அதுவரைக்கும் வருவது கல்தூள். முகம், புருவம், தலைமுடி எல்லாம் மாவு பூசினாற்போல ஆகிவிடும். அதனால் 1979 ஐப்பசியில் அவர் இரும ஆரம்பித்தபோது, தூளைத் தின்றால் இருமல் வராமல் என்ன செய்யும் என்று நாங்கள் சும்மா இருந்துவிட்டோம்.

இருமல் நிற்கவில்லை. சாயங்காலமானால் காய்ச்சல் வந்தது. இரண்டு மாதத்தில் சட்டை தோளில் தொங்க ஆரம்பித்தது. சென்னியம்மாள்தான் அவரைத் திருச்செங்கோடு அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். சளியைப் பார்த்து, எக்ஸ்ரே எடுத்து, டிபி என்றார்கள். ஒன்றரை வருடம் விடாமல் மருந்து சாப்பிட வேண்டும் என்று சொல்லி, பதினெட்டுக் கட்டம் போட்ட ஒரு கார்டைக் கையில் கொடுத்தார்கள். மாதம் ஒருமுறை வந்தால் மருந்து கொடுத்து ஒரு கட்டத்தில் தேதி எழுதுவார்கள்.

மூன்று கட்டம் நிறைந்தது. அதற்குள் இருமல் போய்விட்டது, காய்ச்சல் போய்விட்டது, நன்றாகச் சாப்பிட்டார். அந்தச் சமயத்தில் அவர் வீட்டுக்குப் போய் நான் சொன்னதை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை.

"மாப்ள, டிரில்லர் இல்லாம வண்டி நிக்குதுங்க. நீங்கதான் நல்லாயிட்டீங்களே, கெளம்புங்க."

"ஏனுங்கண்ணா, மாத்திரை இன்னும் வாங்கோணுமே" என்றாள் தங்கை.

"இருமலே இல்லாதப்ப மாத்திரை என்னத்துக்கு கண்ணு?"

ராசப்பனுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. மறுநாளே என் லாரியில் ஏறிக்கொண்டார்.

அடுத்த மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து அவர் வீட்டுக்கு ஒரு தபால் கார்டு வந்தது. குறித்த தேதியில் மருந்து வாங்க வரவில்லை, உடனே வரவும் என்று எழுதியிருந்தது. தபால்காரரைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, பைப் ஏற்ற நான் மட்டும் ஊருக்கு வந்தபோது தங்கை அதை என்னிடம் கொடுத்தாள். "நீங்க அவருகிட்டச் சேத்திப்போடுங்கண்ணா" என்றாள். நான் அதை லாரி சீட்டுக்கு அடியில் செருகினேன். இரண்டாவது கார்டும் அங்கேதான் போனது. வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது மனுஷனை எதற்குக் குழப்ப வேண்டும் என்று நினைத்தேன். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. ஆனால் செய்தது கெட்ட காரியம்தான்.

1980 வைகாசியில், ராய்ச்சூர் பக்கம் ஒரு பருத்திக் காட்டில் அவர் ரத்தமாக இருமினார். கல்தூள் படிந்த வெள்ளைத் தரையில் அது விழுந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு ரிக்கை நிறுத்தினோம். லாரி சீட்டில் படுக்க வைத்து இரண்டு நாள் ஓட்டி ஊர் கொண்டுவந்து சேர்த்தேன். வழியில் அந்த இரண்டு கார்டையும் எடுத்து அவரிடம் நீட்டினேன். படித்துப் பார்த்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"நீங்க குடுத்திருந்தாலும் நான் போயிருக்க மாட்டேன் மச்சான்" என்றார்.

என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா தெரியாது.

ஆஸ்பத்திரியில் டிபி மருந்து கொடுக்கிற பகுதியைப் பார்த்துக்கொண்டவர் ஜானகியம்மாள். ஐம்பது வயதிருக்கும், சேலம் டவுன்காரர். சத்தம் போட்டுப் பேசவே மாட்டார். ராசப்பனின் பழைய கார்டைப் பெட்டியிலிருந்து தேடி எடுத்து மேஜைமேல் வைத்தார். மூன்று கட்டத்தில் தேதி. மற்றதெல்லாம் காலி.

"நல்லாயிட்டதுன்னு யாரு சொன்னாங்க?"

"எனக்கே தெரிஞ்சுதுங்க. இருமல் இல்ல."

"இருமல் நின்னா கிருமி செத்துருச்சுன்னு அர்த்தமில்லைங்க. பாதி செத்து, பாதி ஒளிஞ்சிருக்கும். ஒளிஞ்சிருக்கறது உங்களுக்குத் தெரியாது. சளியப் பாத்தா எங்களுக்குத் தெரியும். அதுக்குத்தான் வரச் சொல்றது. மருந்துக்கு மட்டும்னு நெனச்சீங்களா?"

ராசப்பன் தலையைக் குனிந்துகொண்டார். நான் முன்னால் போய், "கார்டு வந்துச்சுங்க. நான்தான் சொல்லாம உட்டுட்டேன்" என்றேன். அந்தம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "இனிமே கொண்டுவந்து சேர்க்கறது உங்க பொறுப்பு" என்று மட்டும் சொன்னார்.

புதுக் கார்டு எழுதினார்கள். மறுபடியும் பதினெட்டுக் கட்டம். இந்தத் தடவை முதல் இரண்டு மாதம் தினமும் ஊசியும் உண்டு. அவர்கள் ஊரிலிருந்து காலை முதல் பஸ்ஸில் சென்னியம்மாள் அவரைக் கூட்டிக்கொண்டு போவாள். ஊசி போட்டுக் கூட்டிவந்து விட்டுவிட்டு, வெயில் ஏறுவதற்குள் கடலைக்காட்டுக்கு வேலைக்குப் போய்விடுவாள். முதல் வாரம் அவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டுதான் பஸ் ஏறினார். நாலாவது வாரம் அவளுக்கு முன்னால் நடந்தார்.

நாற்பதாவது ஊசி சமயத்தில் அவருக்குக் காதுக்குள் வண்டு ரீங்காரமிடுவது போல இருந்தது. நடந்தால் தரை லேசாகச் சாய்ந்தது. முன்பு மாதிரி இருந்தால் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார், ஆஸ்பத்திரியையே விட்டிருப்பார். இப்போது தினமும் போகிற இடமானதால் ஊசி போடும்போது வாய்விட்டுச் சொன்னார்.

"அம்மா, காது ரெண்டு நாளா ஒரு மாதிரி கத்துதுங்க."

ஜானகியம்மாள் கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்துவிட்டார். "இதை நேத்தே சொல்லியிருக்கணும்" என்று அவரை அப்போதே டாக்டரிடம் கூட்டிப்போனார். அந்த ஊசி சிலருக்குக் காதைக் கெடுக்கும் என்றார் டாக்டர். ஊசியை அன்றோடு நிறுத்தி, மாத்திரையை மாற்றி எழுதினார். இரண்டு வாரத்தில் சத்தம் அடங்கியது. இன்னும் பத்து நாள் பேசாமல் போட்டுக்கொண்டிருந்தால் கேட்கிற சக்தி போயிருக்கலாம் என்றார்கள். டிரில்லருக்குக் காது போனால் அப்புறம் என்ன இருக்கிறது? அன்று வீட்டுக்கு வந்து, "போயிட்டே இருக்கறதுல இது ஒண்ணு இருக்குது மச்சான். அவங்க கண்ணு நம்ம மேல இருக்குது" என்றார்.

ஆறாவது கட்டம் நிறைந்தபோது சளியில் கிருமி இல்லை என்று இரண்டாவது தடவையாக எழுதிக் கொடுத்தார்கள். உடம்பில் சதை பிடித்திருந்தது. டாக்டர் வேலைக்குப் போகலாம் என்றார். ரிக் முதலாளி தங்கசாமியைப் பார்க்க இருவரும் போனோம். ஷெட்டில் ஹேமர் ஒன்றைக் கழற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார் அவர்.

"வா ராசப்பா. ஒடம்பு தேறிருச்சாட்ட இருக்குது. ஆனா பாரு, பசங்க எல்லாம் ஒண்ணா உக்காந்து சாப்பிடற எடம். அவங்க பயப்படுவாங்க."

ராசப்பன் சட்டைப் பையிலிருந்து சளிப் பரிசோதனைச் சீட்டை எடுத்துக் காட்டினார். பிறகு நான் கொஞ்சமும் எதிர்பார்க்காததைச் சொன்னார்.

"இதப் பாருங்க, இப்ப என்னால யாருக்கும் ஒட்டாதுங்க. ஆனா இன்னும் ஒரு வருசம் மாத்திரை இருக்குது. மாசம் ஒரு நாள் நான் ஆஸ்பத்திரிக்குப் போவோணும். பாயிண்ட்டுல ஹேமர் எத்தன அடியில நின்னாலும் சரி, அந்தத் தேதிக்கு நான் போயிருவேன். அதுக்கு ஒத்துக்கிட்டீங்கன்னா வாரேனுங்க. இல்லீன்னா நான் கல்லு ஒடைக்கவே போறேன்."

தங்கசாமியிடம் அப்படி யாரும் பேசி நான் பார்த்ததில்லை. வேலை கேட்டு வந்தவன் கண்டிஷன் போடுகிறான்! அவர் சீட்டை இரண்டு தடவை படித்தார். "மறைச்சு வேலைக்கு வர்றவன நான் பாத்திருக்கறேன். எடுத்துச் சொல்லிப்போட்டு வர்றவன இப்பத்தான் பாக்கறேன்" என்றார். "செரி, வா." வெளியே வந்ததும் எனக்கு மாப்பிள்ளையைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. பீடி பற்ற வைக்கப் போனவன், அவர் பக்கத்தில் நிற்கிறாரே என்று வைத்துவிட்டேன்.

வண்டி போகிற ஊர் ஊராக மருந்து எப்படிக் கிடைக்கும் என்ற கேள்வி இருந்தது. ஜானகியம்மாள் அதற்கு வழி செய்தார். எந்த எந்த ஜில்லா என்று கேட்டு, ஒவ்வொன்றிலும் உள்ள டிபி ஆபீசுக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதிக் கொடுத்தார். இவர் எங்கள் நோயாளி, இன்ன மருந்து, கொடுத்துவிட்டுக் கார்டில் குறிக்கவும் என்று இருக்கும். "கடைசி மாத்திரை வரைக்கும் காத்திருக்காதீங்க. அஞ்சு நாள் கையில இருக்கும்போதே போயிருங்க" என்றும் சொல்லி அனுப்பினார்.

அப்படித்தான் போனார். அனந்தப்பூரில் ஒரு கட்டம், பெல்லாரியில் ஒரு கட்டம், கர்நூலில் இரண்டு. தெலுங்கு எழுத்தும் கன்னட எழுத்தும் அந்தக் கார்டில் ஏறின. பாஷை தெரியாத ஊர் ஆஸ்பத்திரியில் கார்டையும் கடிதத்தையும் நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்பார். முதல் இரண்டு தடவை நான்தான் லாரியில் கொண்டுபோய் விட்டேன். அப்புறம் அவரே கிளம்ப ஆரம்பித்தார்.

சோதனை வந்தது 1981 சித்திரையில். கர்நூலுக்கு அப்பால் ஒரு மேட்டுக்காட்டில் நூற்றெண்பது அடியில் ஹேமர் மாட்டிய ராடு சிக்கிக்கொண்டது. மேலேயும் வராது, கீழேயும் போகாது. முதலாளி தங்கசாமியே வந்து உட்கார்ந்துவிட்டார். மூன்று நாள் போராடினோம். ராசப்பனின் தேதி கடந்து மூன்று நாள் ஆகிவிட்டது. கையில் இரண்டு நாள் மாத்திரைதான் மிச்சம்.

"நான் இன்னைக்குப் போவோணுமுங்க" என்றார்.

"ராட்ட எடுத்துப்போட்டுப் போயேன் ராசப்பா. ரெண்டு நாள் மாத்திரை இல்லாட்டி உசுரா போயிரும்?"

"மூணு மாசம் நானும் அப்படித்தான் நெனச்சனுங்க" என்றார் அவர். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். நான் டீசலுக்குப் போயிருந்ததால் லாரியும் இல்லை; இதெல்லாம் திரும்பி வந்தபின் பசங்க எனக்குச் சொன்னது. ஆறு மைல் நடந்து ரோட்டுக்குப் போய் பஸ் ஏறினார். அன்று கர்நூலில் ஏதோ உள்ளூர் விடுமுறை, டிபி ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. வேறு யாராக இருந்தாலும் திரும்பியிருப்பார்கள். அவர் அந்த ஊரிலேயே தங்கி, மறுநாள் காலை கதவு திறந்ததும் முதல் ஆளாக நின்று மருந்தை வாங்கிக்கொண்டு வந்தார்.

வேலை போச்சு என்றுதான் நான் நினைத்தேன். அவர் வந்தபோது தங்கசாமி கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ராடைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ராசப்பா, நீ போனப்பறம் நேத்து பூராவும் இங்கயே இருந்தேன். ராடு தூக்கறானே மாதையன், அவன் இருமறதக் கேட்டுட்டே இருந்தேன். நீ மொதல்ல இருமுனாப்பலயே இருக்குது. இவனையும் கூட்டீட்டுப் போயிருக்கலாமல்ல?"

மாதையன் ஓமலூர் பக்கத்துக்காரர். நாற்பது வயது, மூன்று பெண் பிள்ளைகள். டிபி என்று தெரிந்தால் வேலை போய்விடும் என்று இரண்டு மாதமாக வாயில் துண்டை வைத்துக்கொண்டு இருமி மறைத்திருந்தார். ராசப்பன் மறுநாளே அவரை என் லாரியில் ஏற்றிக்கொண்டு அதே ஆபீசுக்குப் போனார். சளியில் கிருமி இருந்தது. ஆரம்பம்தான், நுரையீரல் அதிகம் கெடவில்லை என்றார்கள். படிக்கட்டில் உட்கார்ந்து மாதையன் அழுதார்.

"அழுகறதுக்கு ஒண்ணுமில்ல" என்றார் ராசப்பன். "நான் பாதியில உட்டு ரத்தம் கக்குனவன். நீ உடாம இரு, அவ்வளவுதான். தேதிக்குத் தேதி ரெண்டு பேரும் ஒண்ணாப் போலாம்."

ராடு ஆறாவது நாள்தான் வெளியே வந்தது. ஜாக்கி வைத்து எல்லோரும் சேர்ந்து தூக்கினோம். மாதையன் ஊருக்குப் போய் இரண்டு மாதம் ஊசி போட்டுக்கொண்டு திரும்பி வரும்வரை அவர் இடத்தைத் தங்கசாமி வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. வண்டியில் ஏறுகிற புது ஆட்களிடம், "இருமல் ரெண்டு வாரத்துக்கு மேல இருந்தா எங்கிட்டச் சொல்லு, மறைக்காத" என்று அவரே சொல்ல ஆரம்பித்தார்.

அந்த வருடம் கார்த்திகையில் பதினெட்டாவது கட்டம் நிறைந்தது. அதை மட்டும் திருச்செங்கோட்டில்தான் எழுத வேண்டும் என்று ராசப்பன் பிடிவாதமாக இருந்து, வண்டியை விட்டு இறங்கி ஊர் வந்தார். நான், சென்னியம்மாள், அவர், மூன்று பேரும் போனோம். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. ஜானகியம்மாள் கார்டை வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார். நான்கு ஊர்க் கையெழுத்து. ஒன்றுகூட விடவில்லை.

"இந்தக் கார்டை நான் பெட்டிக்குள்ள வைக்க மாட்டேன். பாதியில நிக்கறவங்களுக்கு எடுத்துக் காட்டணும்" என்றார். அந்தம்மா சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். பிறகு பேனாவை எடுத்தார். "ஆறு மாசம் கழிச்சு வாங்க."

எனக்கே திக்கென்றது. "மருந்து முடிஞ்சுதுங்களே?" என்றேன்.

"மருந்து முடிஞ்சுது. பாக்கறது முடியலைங்க. ரெண்டு வருஷம் ஆறு மாசத்துக்கு ஒருக்கா பாக்கணும்."

ராசப்பன் முகம் சுளிக்கவே இல்லை. "தேதி எழுதிக் குடுங்கம்மா" என்றார். இரண்டு வருடத்தில் நான்கு தடவை, ஒரு மாத்திரைகூடத் தராத ஆஸ்பத்திரிக்கு, காட்டிவிட்டு வருவதற்கென்றே போய்வந்தார். மூன்றாவது தடவை போனபோது மாதையனும் அவர் கூட இருந்தார், கையில் தன்னுடைய நிறைந்த கார்டோடு.

1984 தையில் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். சாப்பாட்டுப் பந்தியில் ராசப்பன் உட்காரப் போனபோது எங்கள் செல்லாயி அத்தை, பெண்ணின் அம்மாவிடம் குனிந்து ஏதோ சொன்னார். அவர் வந்து, "தம்பி, நீங்க அப்பறமா அடுத்த பந்தியில சாப்பிடலாமுங்க" என்றார். எதற்கு என்று எல்லோருக்கும் புரிந்தது. நான் எழுந்திருப்பதற்குள் சென்னியம்மாள் வந்துவிட்டாள். என் தங்கை நாலு பேர் முன்னால் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை.

"ஆமாங்கத்தை, என்ற ஊட்டுக்காரருக்கு டிபி வந்துதுங்க. பதினெட்டு மாசம், நாலு ஜில்லா, ஒரு கட்டம் தப்பல. மருந்து முடிஞ்சும் ரெண்டு வருசம் போய்க் காட்டீட்டு வந்தாரு. டாக்டரே சுத்தம்னு எழுதிக் குடுத்துட்டாரு. இந்தப் பந்தியில உக்காந்திருக்கறவங்கள்ல ஆஸ்பத்திரியில பாத்து நல்லா இருக்கறாங்கன்னு சீட்டு வாங்குனவங்க எத்தன பேரு இருக்கறீங்க? அவரு ஒருத்தருதான் இருக்கறாரு. அவரு இங்கயேதான் சாப்பிடுவாரு."

யாரோ சிரித்தார்கள், கேலியாக அல்ல. பெண்ணின் அம்மா தானே ஒரு இலையை எடுத்து வந்து ராசப்பன் முன்னால் விரித்தார். அவர் வெட்கத்தில் சிவந்து, நிமிர்ந்து யாரையும் பார்க்காமல் சாப்பிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். எனக்கு அன்று அப்படிப் பசித்தது.

கை கழுவுகிற இடத்தில் ஒரு ஆள் எங்களுக்காகக் காத்திருந்தார். கந்தன் என்று பெயர், பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர். சுற்றிலும் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார்.

"ஏனுங்க, என்ற சம்சாரம் ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டுப்போட்டு நிறுத்தீட்டாங்க. நல்லாத்தான் இருக்கறாங்க. திரும்பப் போனாத் திட்டுவாங்களோன்னு பயப்படறாங்க."

"திட்ட மாட்டாங்க" என்றார் ராசப்பன். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே யோசித்தார். "நாளைக்கு நான் ஊருலதான் இருக்கறேன். மொதல் பஸ்ஸுக்கு அவங்களத் திருச்செங்கோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டீட்டு வந்துருங்க. நானும் கூட வாரேன்."